பயந்த கிழங்கும் பயப்படாத பூவும்

கொல்லைச் சுவரோரம் ஒரு செங்காந்தள் கொடி, விதைக்காமலே மழைக்கு மழை முளைத்துக்கொண்டிருந்தது. போன ஐப்பசியில் சித்தப்பா மண்வெட்டியோடு இறங்கி, கிழங்கு வரை தோண்டி எடுத்துப் போட்டார். “பேரப்பிள்ளைங்க ஓடியாடற இடம். விஷத்தை வெச்சுக்கிட்டு என்னத்துக்கும்மா?” நியாயம்தான். கையைக் கழுவிவிட்டு, பக்கத்துத் தொட்டியிலிருந்த வெள்ளை நித்தியகல்யாணியில் ஐந்து பூவும் ஒரு கொத்துத் தளிரும் கிள்ளிவந்து, கொதிக்க வைக்கச் சொன்னார். சர்க்கரைக்கு நல்லதாம். வாட்ஸ்அப்பில் வந்திருந்ததாம்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் 54. கருப்பட்டித் தண்ணீர் கொடுத்துத் தேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கஷாயம் மாத்திரையோடு சேர்ந்ததாலா, காலைச் சாப்பாடு தள்ளிப்போனதாலா என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர் கேட்டார்: “மாத்திரை தவிர வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா?” சித்தப்பா, “ஒண்ணுமில்லீங்க” என்றார். பொய் சொல்லவில்லை. பூ அவர் கணக்கிலேயே சேரவில்லை.

எனக்கு உறுத்தியது அதுதான். ஒன்றை வேரோடு பிடுங்குகிறோம், இன்னொன்றைத் தொட்டியில் வைத்துத் தினமும் குடிக்கிறோம். ஆனால் உடம்புக்குள் இரண்டும் கை வைப்பது ஒரே இடத்தில். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நூல் போன்ற நுண்குழாய்கள் உருவாகும். செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் அந்தக் குழாய்களைக் கட்டவிடாது. நித்தியகல்யாணி இலையிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகியவையும் அதே புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்கின்றன. உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை எலும்பு மஜ்ஜை, குடலின் உள்சுவர், முடிவேர். இந்தச் சரக்குகளின் வேகம் முதலில் தெரிவதும் அங்கேதான்.

நித்தியகல்யாணிக்குச் சர்க்கரைப் பெயர் வந்த கதை விசித்திரமானது. செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952இல் அங்கிருந்து 25 இலைகள் ஒரு உறைக்குள் கனடாவுக்குப் போயின. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபல் இதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளின் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றியபோது இறங்கியது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. நோய்த்தொற்றை எதிர்க்க ஆளில்லாமல் எலிகள் செத்தன. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது: வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோயில் இதையே மருந்தாக்கலாமே? சார்ல்ஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த பொருள்தான் 1958இல் வெளியுலகுக்கு வந்த வின்பிளாஸ்டின். பின்னாலேயே வந்த வின்கிரிஸ்டின், இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து.

சர்க்கரைக்கென்று சோதித்த இலை, ரத்த அணுக்களின் மேல் கை வைத்தது. ஃபார்வர்டு செய்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. “புற்றுநோய்க்கே மருந்து, சர்க்கரை எம்மாத்திரம்?” என்று எழுதி இன்னும் நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. டாக்டர் மேற்பார்வையில், ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து நரம்பில் ஏற்றும் மருந்து அது. அதை டம்ளரில் யாரும் காய்ச்சிவிட முடியாது. அதே சமயம் இலையில் வேறு பல ஆல்கலாய்டுகளும் உண்டு. வேரில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அஜ்மலிசின் இருக்கிறது. எந்தச் செடியில் எது எவ்வளவு என்பது மண், வயது, பருவம் எல்லாவற்றையும் பொறுத்தது. சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இதைக் குடிக்கவே வேண்டாம்.

வளர்ப்பதற்கு இதைவிடச் சாது உண்டா? கடுகைவிடச் சிறிய கருப்பு விதை. மெல்லிசாக மண் மூடினால் போதும். வெளிச்சம் படாமல் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். முழு வெயில் வேண்டும், தண்ணீர் குறைவாக வேண்டும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் நுனியிலிருந்து கருகிச் சாகும். இளஞ்செடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு வருஷம் முழுக்கப் பூக்கும், பெயருக்கேற்ப. ஆடு வாய் வைக்காது. ஆட்டுக்கு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போட்டிருக்கிறார்கள். இலையை இரண்டு தரம் உருவிவிட்டு, ஒரு வருஷத்தில் வேரையும் எடுத்து விற்பார்கள்.

செங்காந்தள் நேர் எதிர். இந்த மண்ணின் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது காந்தள்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் இதன் பெயர் கண்வலிக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் உற்றுத்தான் பார்த்திருக்கிறேன். மொட்டு விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடிக்கும். சூல்தண்டு மட்டும் மகரந்தத்தோடு ஒட்டாமல் செங்கோணத்தில் பக்கவாட்டில் மடங்கிப்போய் நிற்கும். அதனால்தான் காலை வேளையில் பெண்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தொட்டு வைக்கிறார்கள். அந்தக் கை வேலை இல்லையென்றால் காய் பிடிப்பது குறைந்துபோகும்.

ஆடி வாக்கில் 50, 60 கிராம் கிழங்காகப் பார்த்து ஊன்றுவார்கள். கலப்பை போல இரண்டாகக் கவைத்திருக்கும் கிழங்கின் முளை நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். ஆறு மாதத்தில் விதை வரும். முதலீட்டில் பெரும்பங்கு கிழங்குக்கே போய்விடும். விதை விலையோ ஒரு வருஷம் இருப்பதுபோல் அடுத்த வருஷம் இருக்காது. வாங்குகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆகவே வாய்ப்பேச்சை நம்பிக் கிழங்கு ஊன்றாமல், தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் 2019இன்படி விலையை முன்கூட்டியே எழுதி ஒப்பந்தம் போடச் சொல்லிக் கேட்க விவசாயிக்கு வழி உண்டு. காய் உடைக்கும்போது கையுறையும் முகத்தில் துணியும் வேண்டும். கிழங்கை இஞ்சி, சேனை, சக்கரைவள்ளி வைக்கும் அறையில் சேர்த்து வைக்கவே கூடாது. சமையல் கிழங்கென்று நினைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. வேக வைத்தாலும் கோல்சிசின் போகாது.

இந்த விஷம் உடனே காட்டாது. விழுங்கிச் சில மணி நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அது சற்றுத் தணிந்து ஆள் தேறியது போலத் தெரியும்போதுதான் மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக விழும். ஆகவே, “நல்லாத்தானே இருக்கான்” என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. விழுங்கியது தெரிந்த நிமிஷமே 108ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், மோர், முட்டை எதுவும் கொடுக்காதீர்கள். மிச்சக் கிழங்கையோ இலையையோ பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

இதே கோல்சிசின் மூட்டில் யூரிக் அமிலம் சேரும் கௌட் நோய்க்கு மாத்திரையாக இருக்கிறது, அரை மில்லிகிராம் அளவில். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. மருந்துகள் விதிகளின் இ-1 அட்டவணையில் விஷச் சரக்காகவே இதைக் குறித்திருக்கிறார்கள். இது சேர்ந்த உள்மருந்தின் உறையில் மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கை இருந்தாக வேண்டும். படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் அளந்து தருவது வேறு, சந்தையில் பொட்டலம் கட்டித் தருவது வேறு.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். கருவைக் கலைக்க இந்தக் கிழங்கைக் கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதில் தாயின் உயிரும் போகும். கருக்கலைப்புச் சட்டம் 1971இலிருந்தே இருக்கிறது, 2021இல் திருத்தினார்கள். சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் முடிவு போதும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும், கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. பெயரை வெளியிடுவதும் குற்றம்.

சரி, கடையில் வாங்கும் சூரணம்? உறையைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, உள்ளே என்னென்ன சரக்கு, யார், எங்கே தயாரித்தது எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சர்க்கரை நோயை, புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அப்படி விளம்பரம் கண்டாலோ, உரிம எண் இல்லாவிட்டாலோ, சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம், ஓமியோபதி துறைக்கு எழுதலாம். மருந்து சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆனால் 1800 180 3024 என்ற எண்ணில் சொல்லலாம். காசும் உடம்பும் கெட்டிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சித்தப்பா பூவோடு நிறுத்தவில்லை. நித்தியகல்யாணிச் சூரணம் ஒன்றையும் போனில் ஆர்டர் போட்டு வாங்கியிருக்கிறார். பழைய காபிப்பொடி டப்பாவில் பாதி இருந்தது, பச்சையும் பழுப்புமாக.

“இதோட கவர் எங்கே சித்தப்பா? பில்லு?”

“டப்பாவுல கொட்டிட்டு அப்பவே குப்பையில போட்டாச்சேம்மா.”