கிடங்கின் சாவி யாரிடம்?

ஏ220, ஐ5, டி1. 1990களின் தொடக்கத்தில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்களுக்கு இந்த எழுத்துகளும் எண்களும் மனப்பாடம். புதிய விளையாட்டு ஒன்றை நிறுவினால் முதலில் அது கேட்பது இவற்றைத்தான். சரியாகச் சொன்னால் இசை வரும். தவறினால் மௌனம், அல்லது கீறல் விழுந்த இசைத்தட்டுபோல ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும்.

கணினிப் பராமரிப்பு வேலையில் இருக்கும் எனக்கு அந்த 'டி1' மட்டும் இன்னும் பழையதாகவில்லை. கணினியின் நினைவகத்துக்குள் வன்பொருள் நேரடியாக நுழைவதற்கான வழியின் எண் அது. அதைக் கேட்ட ஒலி அட்டையோ நம் ஊரில் பிறந்தது.

சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் 1981ல் சிறு கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் டெக்னாலஜி. நிறுவனர் சிம் வோங் ஹூ, நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர். 1989ல் அவருடைய 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை வந்தது. அதுவரை 'பீப்' என்று மட்டுமே கத்திய கணினிகள் பேசவும் பாடவும் தொடங்கின. 1992ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

முதலாளியும் கிடங்கும்

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் முதலாளி, பின்னால் கிடங்கு. முதலாளிதான் கணினியின் பிராசஸர், கிடங்கு நினைவகம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முதலாளியே எழுந்து கிடங்குக்குப் போய்வந்தால் வியாபாரம் நடக்குமா?

முதல் சவுண்ட் பிளாஸ்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 22,000 பைட் ஒலித்தரவு தேவைப்பட்டது. ஒவ்வொன்றையும் பிராசஸரே எடுத்துத் தந்தால் விநாடிக்கு 22,000 முறை தன் வேலையை நிறுத்த வேண்டும். அதனால் ஒரு கையாளை வைத்தார்கள். அதன் பெயர் டிஎம்ஏ, அதாவது நேரடி நினைவக அணுகல். "இந்த அலமாரியில் 2,048 பைட் இருக்கிறது, எடுத்துக் கொடு, முடிந்ததும் மணி அடி" என்று சொல்லிவிட்டால் போதும். முதலாளிக்கு விநாடிக்குச் சுமார் 11 முறைதான் தொந்தரவு.

அந்தக் கையாள் இன்டெல் 8237 என்ற சில்லு. 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் அதற்கு நான்கு வழிகள் இருந்தன. நெகிழ்வட்டுக்கு 2ஆம் வழி; ஒலி அட்டைக்கு 1ஆம் வழி. 1984ல் இன்னொரு சில்லு சேர்ந்து வழிகள் பெருகின. 1992ன் சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டை, குறுந்தட்டுத் தரத்துக்கு விநாடிக்கு 1,76,400 பைட் கேட்டது. அதற்காக 5ஆம் வழியையும் எடுத்துக்கொண்டது.

கையாளுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. நினைவகத்தின் முதல் 16 எம்பிக்கு அப்பால் அதற்குக் கை எட்டாது. எனவே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், அந்தப் பகுதியில் இடம் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. இன்றைய லினக்ஸ் கெர்னலிலும் அந்த 16 எம்பிக்கு 'டிஎம்ஏ மண்டலம்' என்ற தனிப் பிரிவு உண்டு.

சொன்னதைச் செய்யும் ஆபத்து

கையாள் எதையும் சரிபார்க்க மாட்டான். ஒலியைப் பதிவுசெய்யும்போது தவறான அலமாரி எண்ணைக் கொடுத்தால், அங்கே உள்ள பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பான். அது கெர்னலின் சொந்த அலமாரியாக இருந்தால் கணினி அப்படியே உறைந்துவிடும்.

அடுத்து வந்த பிசிஐ முறையில் கையாளே தேவையில்லை. ஒவ்வொரு அட்டையும் தானே கிடங்குக்குள் போய் வரலாம். வேகம் கூடியது; ஆனால் வருகிறவர்கள் எல்லாருக்கும் முழுச் சாவி. தண்டர்போல்ட் செருகுவாய் வந்தபோது அந்தச் சாவி கணினிக்கு வெளியேயும் நீண்டது. கணினியைத் திறக்காமலே, செருகுவாயில் ஒரு கருவியை மாட்டி நினைவகத்தைப் படிக்கலாம் என்ற நிலை. வட்டைப் பூட்டும் மறைக்குறியீட்டுச் சாவியும் கணினி விழித்திருக்கும்போது நினைவகத்தில்தான் இருக்கிறது.

இதற்கு விடையாக வந்த காவலாளிதான் ஐஓஎம்எம்யூ. இன்டெல் கணினிகளில் இதை விடி-டி என்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் எந்தெந்த அலமாரி என்று கெர்னல் ஒரு பட்டியல் எழுதித் தரும். பட்டியலில் இல்லாததைத் தொட்டால் காவலாளி தடுத்து, கெர்னலிடம் புகார் செய்வான். 2018ல் விண்டோஸ் 10, 'கெர்னல் டிஎம்ஏ பாதுகாப்பு' என்ற பெயரில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் 2019ல் வெளிவந்த 'தண்டர்கிளாப்' ஆய்வு, காவலாளி இருந்தும் பட்டியலைத் தாராளமாக எழுதினால் பயனில்லை என்று காட்டியது.

நாம் செய்யக்கூடியது

தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுக் கால்வாயைக் கடந்தால் சிம் லிம் ஸ்குவேர். பழைய மடிக்கணினி வாங்க நண்பர்கள் அழைத்தால் அங்கே நானும் உடன் போவேன். விலை பேசும் முன் ஒன்றைப் பார்ப்பேன். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டினால் வரும் பட்டியலில் 'கெர்னல் டிஎம்ஏ புரொடெக்‌ஷன்' என்ற வரி இருக்கும். எதிரே 'ஆன்' என்றிருந்தால் நல்லது. 'ஆஃப்' என்றிருந்தால், பயாஸ் அமைப்பில் விடி-டி அணைக்கப்பட்டிருக்கலாம். அதை இயக்கிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், அந்தக் கணினியில் வசதியே இல்லாமல் இருக்கலாம்.

சாதாரண யூஎஸ்பி விரலியைக் கண்டு இந்தக் காரணத்துக்காக அஞ்ச வேண்டாம். அதற்கு நேரடிச் சாவி கிடையாது. தண்டர்போல்ட், யூஎஸ்பி4 செருகுவாய்களில்தான் கவனம் தேவை. அலுவலகக் கோப்புகள் உள்ள மடிக்கணினியை ஹோட்டல் அறையிலோ கருத்தரங்கிலோ விட்டுச் செல்ல நேர்ந்தால், மூடி வைத்து 'தூங்க' விடாதீர்கள். முழுவதுமாக அணைத்துவிடுங்கள். தூங்கும் கணினியில் கிடங்கு நிறைந்தே இருக்கும். அணைத்த கணினியில் அது காலி.