கவுதாரி எத்தனை? கிலோமீட்டர் எத்தனை?

வெளிநாடுகளில் ஃபெசன்ட் என்கிற கோழியினப் பறவையை வேட்டையாடப் போறவங்க சிலர், அன்னைக்கு எவ்வளவு தூரம் நடந்தோம், எத்தனை பறவை கண்ணில் பட்டதுன்னு நோட்டில் எழுதி வைப்பாங்க. அதே குடும்பத்தைச் சேர்ந்த மயிலும் கவுதாரியும் நம்ம மதுரைப் பக்கம் நிறைய உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வேட்டையாடக் கூடாது. ஆனா அந்தக் கணக்கை நாமும் எழுதலாமே!

ஒருநாள் விடியக்காலையில் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்க. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஈ-பேர்ட் ஆப்பை ஆன் பண்ணிட்டு நடங்க. நேரம், தூரம், எண்ணிக்கை மூன்றும் பதிவாகணும்.

தூரம் எதுக்கு? 1 கி.மீ. நடந்து 6 கவுதாரி பார்ப்பதும், 6 கி.மீ. நடந்து 6 பார்ப்பதும் ஒண்ணு இல்லை.

நான் முதல் தடவையே சொதப்பிட்டேன். 2 கி.மீ. போய், அதே பாதையில் திரும்பி, தூரம் 4 கி.மீ.ன்னு போட்டேன். வந்த வழியே திரும்பினா ஒரு பக்கத் தூரம் மட்டும்தான் கணக்கு. பார்த்தது 8 கவுதாரி, கி.மீ.க்கு 4 வரவேண்டியது 2 ஆயிடுச்சு. கண்ணி வைக்காமலே பாதியைக் காலி பண்ணிட்டேன்!

இன்னொண்ணு: கவுதாரி சிக்காத நாளையும் பதிவு பண்ணுங்க. நல்ல நாளை மட்டும் எழுதினா, நாளைக்கு அது குறையும்போது நம்ம கணக்கில் தெரியவே தெரியாது.