ஒரு மணி நேரத்துக்கு 67.56 டாலர்

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் காலையில் எழுந்து, குளித்து, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்காரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். கூடவே ஒரு உதவியாளரும் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் யார் தருவது, எவ்வளவு தருவது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். இதற்குப் பதில் தேடிப்போன ஆஸ்திரேலியா இன்று ஆண்டுக்கு 4,000 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறது. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 11 கோடி டாலர்!

முன்பெல்லாம் அங்கே மாநில அரசுகள் தொண்டு நிறுவனங்களுக்கு மொத்தமாக மானியம் கொடுத்துவிடும். நிறுவனத்தில் எத்தனை இடமோ அத்தனை பேருக்கு உதவி. மற்றவர்கள் பட்டியலில் காத்திருக்க வேண்டியதுதான். வளரும் பிள்ளைக்கு அளவெடுத்த சக்கர நாற்காலி தாமதமாக வந்தால் என்ன ஆகும்? அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும். 2011இல் உற்பத்தித்திறன் ஆணையம் என்ற அரசு அமைப்பு இந்த முறையை அலசிப் பார்த்தது. பணமும் போதாது, பங்கீட்டிலும் நியாயமில்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னது.

2013இல் வந்த சட்டம் பணம் பாயும் திசையையே திருப்பியது. அதன்படி தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் நிறுவனத்தின் பெயரில் ஒதுக்கப்படுவதில்லை. ஆளின் பெயரில் ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம், தனி பட்ஜெட். அதை எந்தத் தொண்டு நிறுவனத்திடம், எந்தத் தனியார் நிறுவனத்திடம் செலவழிப்பது என்பது பெரும்பாலும் அவர் விருப்பம். உதவியாளரைப் பிடிக்கவில்லையா, வேறு இடம் பார்க்கலாம். 2024 நடுவில் 6.6 லட்சம் பேர் இதில் இருந்தார்கள். அதாவது நாட்டில் ஏறக்குறைய 40 பேருக்கு ஒருவர்.

பெயரில் ‘காப்பீடு’ இருக்கிறதே, பிரீமியம் கட்டுவது யார்? தனியாக யாரும் கட்டுவதில்லை. வரிப்பணம்தான், 2014இல் மருத்துவத் தீர்வையை 1.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தி ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள். காப்பீடு ஒளிந்திருப்பது கணக்கில். வருங்காலச் செலவைப் புள்ளிவிவரத்தால் மதிப்பிடும் ஆக்சுவரி, அதாவது காப்பீட்டுக் கணிப்பாளர், இந்தத் திட்டத்துக்கென்றே இருக்கிறார். அவர் இந்த ஆண்டு பட்ஜெட்டோடு நிற்பதில்லை. ஒருவரின் ஆயுள் முழுவதற்கும் ஆகும் செலவைப் பார்க்கிறார். நான்கு வயதில் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் நாற்பது வயதில் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று கணக்குப் போடுகிற அரசுத் திட்டம் உலகத்தில் அபூர்வம்.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது விலைப்பட்டியல். ஆளாளுக்கு ஒரு விலை கேட்டால் பட்ஜெட் தாங்காதே! அதனால் அரசு உச்சவரம்பு வைத்தது. 2024–25இல் வார நாள் பகல் நேர உதவிக்கு மணிக்கு 67.56 டாலர். இதில் உதவியாளரின் அடிப்படைக் கூலி ஏறத்தாழப் பாதிதான். மீதியைப் பிரித்துப் பார்த்தால் எத்தனை அறைகள்! அவர் எடுக்கும் விடுப்புக்கு ஒரு பங்கு. ஓய்வூதிய நிதிக்குக் கூலியில் 11.5 சதவீதம். விபத்துக் காப்பீடு, மேற்பார்வையாளர் சம்பளம், அலுவலகச் செலவு. பயிற்சிக்குப் போகும் நேரத்துக்கு யாரிடமும் பில் போட முடியாது. அதற்கும் இங்கேயே ஒதுக்கீடு. லாபம் என்று 2 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை இதே வேலைக்கு விலை கிட்டத்தட்ட இரு மடங்கு. அரசு விடுமுறையன்று இரு மடங்கையும் தாண்டும். நகரத்தில் வழிப்பயணத்துக்கு அரை மணி வரை கட்டணம் கேட்கலாம். சிறு ஊர்களில் ஒரு மணி வரை.

ஆனால் சந்தை சொன்னபடி கேட்குமா? ‘இதற்கு மேல் கூடாது’ என்று போட்ட விலையையே பலரும் ‘இதுதான் விலை’ என்று எடுத்துக்கொண்டார்கள். போட்டி வந்து விலை இறங்கும் என்ற எதிர்பார்ப்பு பெரிதாகப் பலிக்கவில்லை. என்னைக் கேட்டால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலையில் தன்னைக் குளிப்பாட்ட வருகிறவரிடம் யார் பேரம் பேசுவார்கள்?

தொலைதூர நிலப்பரப்பில் இந்தச் சந்தை இன்னும் திணறுகிறது. அங்கே உச்சவரம்பை 40 சதவீதமும், மிகத் தொலைவான இடங்களில் 50 சதவீதமும் கூட்டியிருக்கிறார்கள். இருந்தும் சில பூர்வகுடிக் குடியிருப்புகளில் கையில் பட்ஜெட் இருக்கும், சேவை தர ஆள் இருக்காது. நாலைந்து பேருக்காக யார் அங்கே கடை திறப்பார்கள்? 2023இல் திட்டத்தை மறு ஆய்வு செய்த குழு, இப்படிப்பட்ட இடங்களில் தனித்தனி பட்ஜெட்டை மட்டும் நம்பாமல், ஊரே சேர்ந்து முடிவெடுத்து ஒரு நிறுவனத்தை அமர்த்திக்கொள்ளும் முறையைப் பரிந்துரைத்தது. பழைய மானிய முறையின் சாயல் இதில் தெரியும். ஒரு வேறுபாடு: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இப்போது ஊருக்கும் குரல் உண்டு.