தார் சுற்றும் விரல்கள் மறப்பதில்லை

பாளையம்பட்டியில் எங்கள் தெருவில் பல வீடுகளில் வாசல்படிக்கு உள்ளே தெலுங்கு, வெளியே வந்தால் தமிழ். அதனால் எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் எல்லாருக்கும் அவ்வா. எண்பது வயது தாண்டிவிட்டது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "இன்னும் சோறு போடலையா தாயி?" என்று மருமகளைக் கேட்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரனைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?" என்பார். ஆறாவது படிக்கிற அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அதே அவ்வாவின் முன்னால் ராட்டையைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை விரல்களுக்கு நடுவே நூல் வழுக்கிப் போய், நெசவுக்கு நூல் சுற்றி வைக்கும் தார்க்குச்சியில் சீராக ஏறும். நூல் அறுந்தால் கை தானாக நிற்கும். இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போட்டுவிடுவார். பேரன் பெயர் மறந்துபோனவருக்கு இந்த முடிச்சு மட்டும் எப்படி மறக்கவில்லை?

பிள்ளைகளே, நம் நினைவுகள் எல்லாம் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. பெரியவர்களின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடை. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். காலையில் என்ன சாப்பிட்டோம், வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று பதிந்துகொள்ளும் வேலை ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதிக்கு. பார்க்கக் கடல்குதிரை போல இருப்பதால் அந்தப் பெயர். சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது, தார் சுற்றுவது போன்ற கைப்பழக்கங்களைச் சிறுமூளையும் வேறு சில பகுதிகளும் வைத்திருக்கின்றன. அவ்வாவுக்கு வந்திருப்பது அல்சைமர் நோய். 1906இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்தார். இந்த நோய் பெரும்பாலும் கடல்குதிரைப் பக்கத்தில்தான் தொடங்கும். கைப்பழக்கம் இருக்கும் இடத்துக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆகும்.

மறதி நோயில் அல்சைமர் ஒரு வகை. மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொரு வகை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். "வயசானா அப்படித்தான்" என்று நாம் சும்மா விட்டுவிடுகிறோம். மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது வயதின் வேலை. ஐம்பது வருஷம் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். அப்படி நின்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தைராய்டு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் இப்படி மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

அல்சைமரை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழிகள் இருக்கின்றன. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களை அடையாளம் காட்டியது. அவற்றை எல்லாம் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 45 சதவீதம் வரை, தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது அந்தக் குழு.

அந்தப் பதினான்கில் நம் ஊரோடு நெருங்கிய ஒன்றை முதலில் சொல்கிறேன். அது காது.

அருப்புக்கோட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போயிருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்பவரின் காதில் கத்தினால்தான் கேட்கும். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கச் சத்தம் கேட்டால் காதின் உள்ளே இருக்கும் மெல்லிய மயிர்ச்செல்கள் செத்துவிடும். செத்தவை திரும்ப முளைக்காது. இருபது வருஷம் தறி ஓட்டிய தாத்தாவுக்குக் காது மந்தமாகிறது. பேச்சு கேட்காததால் திண்ணைக்கு வருவதைக் குறைக்கிறார். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்துகிறார். பேச்சும் சிரிப்பும் உள்ளே போகாத மூளைக்கு வேலை குறைகிறது. அரைகுறையாகக் கேட்பதைப் புரிந்துகொள்ளவே இருக்கும் சக்தியெல்லாம் செலவாகிவிடுகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரிடம் மூன்று வருஷம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. காதுக் கருவி எல்லாருக்கும் பலன் தரவில்லை. ஆனால் மறதி நோய் வர வாய்ப்பு அதிகம் இருந்தவர்களுக்கு, மூளைத்திறன் குறையும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது. ஆகவே தாத்தா "என்ன, என்ன?" என்று கேட்டால் கேலி செய்யாதீர்கள். காதைப் பரிசோதிக்கச் சொல்லி அப்பாவை நச்சரியுங்கள். தறிக்குப் போகும் அண்ணனிடம், காதில் பஞ்சு வைத்தால் போதாது, காதடைப்பான் போடணும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது கால். 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதியவர்கள் வாரம் மூன்று நாள், சுமார் நாற்பது நிமிஷம், வேகமாக நடந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் ஹிப்போகேம்பஸ் இரண்டு சதவீதம் பெரிதாகியிருந்தது. அந்த வயதில் அது சுருங்குவதுதான் வழக்கம்! வெயில் தாழ்ந்த பிறகு தாத்தாவைக் கண்மாய்க்கரை வரை கைபிடித்துக் கூட்டிப் போனால் நீங்களும் மருத்துவர்தான்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி எல்லாம் மூளையின் ரத்தக்குழாய்களைக் கெடுப்பவை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரை அலமாரியில் தூங்குகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. கரிசக்காட்டுக் குதிரைவாலியும் கம்பும், பயறும் கீரையும் நல்ல சாப்பாடு. வல்லாரை சாப்பிட்டால் மறதி போய்விடும் என்பார்கள். கீரையாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். மறதி நோயை அது தடுக்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஹைதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவும் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இதைக் கண்டார்கள். ஏன்? நெருக்கமாக நெய்த துணியில் நாலு இழை அறுந்தாலும் கிழிசல் சட்டென்று தெரியாது. இழை குறைந்த துணியில் உடனே தெரிந்துவிடும். புதுமொழி, புதுப்பாட்டு, தாயம், பல்லாங்குழி, படிப்பு என்று நாம் கற்பதெல்லாம் மூளையில் கூடுதல் இழைகள் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்பது எங்கள் ஊருக்குச் சும்மா கிடைத்த சொத்து.

அந்தச் சொத்து இப்போது கை நழுவுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மறதி நோய் முற்றும்போது பலர் பின்னால் கற்ற மொழியை விட்டுவிட்டுச் சின்ன வயது மொழிக்குத் திரும்புவார்கள். அவ்வாவும் இப்போது பாதி நேரம் தெலுங்கில்தான் பேசுகிறார். பேரனுக்கோ தமிழ் மட்டும்தான் தெரியும்.

அவன் முன்பெல்லாம், "அவ்வா, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்!" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அது அவருக்குப் பரீட்சை மாதிரி. விடை தெரியாமல் கைகள் நடுங்கும், கோபம் வரும். நான் அவனிடம், "இனிமே கேட்காதடா. போனதும் பேரை நீயே சொல்லு. அவங்க தப்பாச் சொன்னா திருத்தாத. பழைய கதையைக் கேளு" என்றேன். அம்மாவிடம் கேட்டு நாலு தெலுங்கு வார்த்தையும் கற்றுக்கொண்டான்.

நேற்று சாயங்காலம் போனபோது அவன் நூல் சிட்டத்தை இரண்டு கைகளிலும் மாட்டி விரித்துப் பிடித்திருந்தான். அவ்வா ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பேரன் பெயர் அவருக்கு நினைவில்லை. "ரா நைனா, கிட்ட உக்காரு" என்றார். "நூல் அறுந்தா பயப்படாத. நான் முடிச்சுப் போட்டுக்குவேன்."