புள்ளிப் பூனைகள்: வீட்டிலும் காட்டிலும்

‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?’ என்பது பழமொழி. ஆனால், காட்டு விலங்கின் வழியில் பிறந்து வீட்டுப் பூனையாகவே மாறிவிட்ட ஓர் இனம் உண்டு. அதுவே பெங்கால் பூனை. சிறுத்தையைப் போன்ற புள்ளிகளை உடைய இப்பூனையைப் பெங்களூரு நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சிலர் வளர்க்கின்றனர்.

பெயரைக் கேட்டதும் இது வங்காளத்தில் தோன்றியது என எண்ணத் தோன்றும். உண்மையில் இது உருவான நாடு அமெரிக்கா. ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையின் அறிவியல் பெயர் ‘பிரியோனைலூரஸ் பெங்காலென்சிஸ்’. அப்பெயரிலிருந்தே ‘பெங்கால்’ என்னும் சொல் எடுக்கப்பட்டது. ஜீன் மில் என்னும் பெண்மணி 1960களில் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைத்துக் கலப்பினக் குட்டியைப் பெற்றார். 1980களில் அம்முயற்சியை மீண்டும் தொடங்கினார்.

முதல் தலைமுறைக் குட்டிகள் மனிதரைக் கண்டு அஞ்சின. அவற்றுள் ஆண் பூனைகள் பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யும் திறனற்றவை. எனவே, பெண் குட்டிகளை வீட்டுப் பூனைகளுடன் மீண்டும் மீண்டும் இணைத்து, அமைதியான குணமுள்ள குட்டிகளைத் தேர்ந்தெடுத்தனர். நான்காம் தலைமுறை முதலே இவை வீட்டுப் பூனைகளாகக் கருதப்படுகின்றன. ஆகவே, புள்ளிகள் காட்டிலிருந்து வந்தவை. பழகும் குணம் பல தலைமுறைத் தேர்வினால் வந்தது.

பெங்கால் பூனை சுறுசுறுப்பு மிக்கது. உயரமான இடங்களில் ஏறுவதும் நீரில் விளையாடுவதும் இதற்கு விருப்பமானவை. ஓடியாட இடமும் விளையாடத் துணையும் இல்லையெனில், இது சலிப்புற்றுப் பொருள்களைச் சேதப்படுத்தும்.

இதன் காட்டு உறவினங்கள் கர்நாடகத்திலேயே வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் குடகின் காப்பித் தோட்டங்களிலும் சிறுத்தைப் பூனைகள் உள்ளன. வறண்ட காடுகளிலும் பாறைப் பகுதிகளிலும் துரும்பன் பூனை வாழ்கிறது. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களுள் ஒன்றாகிய இதன் எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோ மட்டுமே. இவ்விரண்டும் எலிகளைத் தின்று உழவர்களுக்கு உதவுகின்றன.

வயலிலோ புதரிலோ புள்ளிகளை உடைய குட்டி தனியே கிடந்தால், அது அநாதை என்று எண்ணிச் சிலர் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். தாய் இரை தேடச் சென்றிருக்கலாம். திரும்பி வந்து குட்டியைக் காணாமல் தவிக்கும். வீட்டில் வளரும் அக்குட்டியோ வேட்டையாடக் கற்பதில்லை. பின்னர் அதனைக் காட்டில் விடுவதும் அரிது. மேலும், இவ்விரு காட்டுப் பூனைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. இவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். எனவே, குட்டியைத் தொடாமல் விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

புள்ளிகள் ஒன்றுபோல் இருப்பினும், ஒன்றன் இல்லம் வீடு. மற்றொன்றன் இல்லம் காடு.

சொற்பொருள்
இரை – உணவாகும் உயிர்
அரிது – எளிதில் நிகழாதது
சேதம் – அழிவு, கேடு

வினாக்கள்
1. பெங்கால் பூனைக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது?
2. துரும்பன் பூனை எத்தகைய இடங்களில் வாழ்கிறது?
3. வயலில் தனியே கிடக்கும் குட்டியை ஏன் எடுத்துச் செல்லக்கூடாது?