தொட்டியோடு நடும் நாற்று: செஞ்சி வட்டாரத்துக்கு ஏற்ற சிக்கன முறை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரகுளம் என்று இரண்டு குளங்கள் உள்ளன. மழை பெய்யும் சில வாரங்களில் கிடைக்கும் தண்ணீரைச் சேர்த்து வைத்து, ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டிய பூமி இது என்பதை அக்குளங்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. கோட்டையைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் கிணற்றுப் பாசனத்தை நம்பி விவசாயம் செய்வோரின் நிலையும் அதுவே. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டுகளில் மாசி, பங்குனிக்குள் பல கிணறுகளில் நீர்மட்டம் அடியைத் தொட்டு விடுகிறது.

இத்தகைய இடத்தில் பாகல், புடலை, பீர்க்கன் போன்ற கொடிக் காய்கறிகளை நேரடியாகக் குழியில் விதைத்தால், முளைத்து வரும் முதல் இரண்டு வாரங்களுக்குக் குழி தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. எலியும் மயிலும் கிளறித் தின்றது போக, மீதி முளைப்பதே விவசாயிக்கு மிச்சம். வீரிய ஒட்டு விதையை எண்ணி எண்ணி வாங்கும் காலத்தில் இது சிறிய நஷ்டம் அல்ல.

இதற்கு மாற்றாகப் பாலித்தீன் பைகளில் நாற்று விட்டு நடும் பழக்கம் பரவியது. விதை மிச்சமாகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. ஆனால் நடும்போது பையைக் கிழிக்க வேண்டும். கிழிக்கையில் மண் உதிர்ந்து ஆணிவேர் அறுபட்டால் கொடி வகைகள் எளிதில் தேறுவதில்லை. கிழித்த பைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அவை மண்ணிலேயே கிடந்து, அடுத்த பட்டத்தில் நிலக்கடலை பிடுங்கும்போது கொடியோடு கலந்து மாட்டின் வயிற்றுக்குள் போகவும் வழியுண்டு.

இந்த இரண்டு தொல்லைகளையும் தவிர்க்கும் வழிதான் மக்கும் தொட்டியில் நாற்று விட்டு, அந்தத் தொட்டியோடு குழியில் நடும் முறை.

புதிய முறை அல்ல

பாலித்தீன் பை வருவதற்கு முன்பு நம் நாட்டின் பல பகுதிகளில் மரக்கன்றுகளை மூங்கில் கூடைகளிலும் இலைத் தொன்னைகளிலும் வளர்த்து நட்டார்கள். மேல்நாடுகளில் 1950-களில் நார்வே நாட்டில் உருவான 'ஜிஃபி' தொட்டிகள் பெயர் பெற்றன. குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் மக்கிக் கிடக்கும் பாசி வகைகளிலிருந்து செய்யப்படுபவை அவை. அமெரிக்காவில் மாட்டுச் சாணத்தில் செய்த தொட்டிகள் விற்பனையாகின்றன. நம் நாட்டில் தென்னை நாரில் செய்த தொட்டிகள் கிடைக்கின்றன. செஞ்சி விவசாயி இவை எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பனை ஓலை, வாழை மட்டை, சாணம், பழைய செய்தித்தாள் ஆகியவை வீட்டைச் சுற்றியே கிடைக்கின்றன.

பயிருக்கு ஏற்ற தொட்டி

இம்முறையில் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாற்று எத்தனை நாள் தொட்டியில் இருக்குமோ, அத்தனை நாள் தொட்டி தாங்க வேண்டும். அதற்கு மேல் தாங்கினால் வேருக்குத் தடை. குறைவாகத் தாங்கினால் கைக்கு எடுக்கும்போதே உடைந்து விடும்.

செய்தித்தாள் தொட்டி: தாளை இரண்டு மடிப்பாக ஒரு டம்ளரின் மேல் சுற்றி, அடியை மடித்து அழுத்தி, டம்ளரை உருவி விட வேண்டும். சுமார் 8 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் போதும். பசையோ கம்பியோ தேவையில்லை. இரண்டு வார நாற்றுக்கு, அதாவது பாகல், புடலை, பீர்க்கன், தர்பூசணி போன்றவற்றுக்கு இது ஏற்றது. வழவழப்பான வண்ணத் தாள்களைத் தவிர்க்க வேண்டும்.

வாழை மட்டைத் தொட்டி: அறுவடை முடிந்த வாழையின் மட்டையை ஒரு சாண் அகலத் துண்டுகளாக வெட்டி நிழலில் வாட வைத்து, உருளையாகச் சுற்றி வாழை நாரால் கட்ட வேண்டும். அடியில் சருகை மடித்துச் சொருகலாம். செய்தித்தாளை விடக் கூடுதல் நாள் தாங்கும்.

சாணத் தொட்டி: இரண்டு பங்கு சாணத்துடன் ஒரு பங்கு களிமண்ணும், நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, பெரிய டம்ளருக்குள் சிறிய டம்ளரை வைத்து அச்சாக அழுத்தலாம். அடியில் விரலால் ஒரு துளை இட வேண்டும். நிழலில் இரண்டு நாள் வைத்து, பின்பு வெயிலில் கல் போல் காய வைக்க வேண்டும். சரியாகக் காயாத தொட்டியில் பச்சைச் சாணத்தின் சூடு இளம் வேரைக் கருக்கி விடும். முதலில் பத்து தொட்டிகள் செய்து பார்த்து, தம் ஊர் மண்ணுக்கு ஏற்றபடி கலவையைத் திருத்திக் கொள்வது நல்லது.

பனையோலைத் தொட்டி: ஓலையை ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்து, மறுநாள் வார்ந்து சிறு பெட்டியாக முடைய வேண்டும். முருங்கை, பப்பாளி, வேம்பு போன்று ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் இருக்க வேண்டிய கன்றுகளுக்கு இதுவே பொருத்தம். நாற்று விட்டு நடும் துவரைக்கும் இது உதவும். ஐந்துக்கு மூன்று அடி இடைவெளியில் துவரை நட ஏக்கருக்கு 2,904 நாற்றுகள் வேண்டும். அத்தனைக்கும் ஓலை முடைவது எல்லோருக்கும் இயலாது. வரப்பிலும் ஓரக்காலிலும் துவரை நடுவோருக்கு இம்முறை கட்டுப்படியாகும்.

தேநீர்க் கடைக் காகிதக் குவளைகள் இதற்கு உதவா. அவற்றின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. மண்ணில் காகிதம் மட்டும் மக்கும், பூச்சு மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய குவளைகளும் அடங்கும். 'மக்கும்' என்று அச்சிட்ட பைகளையும் அப்படியே நம்பி நட்டுவிடக் கூடாது. அவற்றுள் பல, சூடு ஏறும் உரக் கிடங்குகளில்தான் முழுமையாக மக்கும். வயல் மண்ணில் நெடுநாள் கிடக்கும். கொட்டாங்கச்சியும் ஒரு பட்டத்தில் மக்காது. அதில் வளர்த்தால் நாற்றை வெளியே எடுத்துத்தான் நட வேண்டும்.

கலவையும் விதைப்பும்

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு சேர்த்துத் தொட்டிகளை நிரப்பலாம். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் மக்க வைத்ததையே சேர்க்க வேண்டும். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்ற அளவில் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். பாகல் போன்ற தடித்த தோல் உள்ள விதைகளை முந்திய இரவே தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பின்பு நிழலில் உலர்த்தி நேர்த்தி செய்து, தொட்டிக்கு ஒன்றாக இரண்டு செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம்.

தொட்டிகளை ஒன்றையொன்று ஒட்டி வைக்கக் கூடாது. ஒட்டினால் ஒன்றின் வேர் அடுத்ததற்குள் நுழைந்து விடும். பிரிக்கும்போது இரண்டும் கெடும். தரையில் வைத்தால் செம்மண் நிலத்தில் கறையான் ஏறும். பலகையின் மேல் அடுக்கி, பலகையைச் செங்கல் மேல் தாங்க வைக்க வேண்டும். பூவாளியால் காலை வேளையில் தண்ணீர் தெளித்தால் போதும். தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளைப் பூசணம் படர்ந்தால் அஞ்ச வேண்டாம்; தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் சரியாகும்.

அரை ஏக்கர் கணக்கு

பாகலுக்கு 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளி என்று கொண்டால், 50 சென்ட் நிலத்தில் ஏறக்குறைய 675 குழிகள் வரும். நேரடி விதைப்பில் குழிக்கு ஐந்து விதை ஊன்றிப் பின்னர் இரண்டாகக் கலைப்பது வழக்கம். அப்படியானால் 3,375 விதைகள் தேவை. தொட்டி முறையில் குழிக்கு இரண்டு நாற்று வீதம் 1,350. பழுதுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 1,485 விதைகள். பாதிக்கு மேல் விதை மிச்சம்.

தண்ணீர்க் கணக்கு இதைவிட முக்கியமானது. இந்த 1,485 தொட்டிகளையும் இடைவெளி விட்டு அடுக்க 15 சதுர மீட்டர் போதும். அதாவது அரை சென்ட்டுக்கும் குறைவு. முதல் இரண்டு வாரங்களுக்கு 675 குழிகளைச் சுற்றி வருவதற்குப் பதிலாக, வீட்டு வாசலில் சில குடம் தண்ணீரில் வேலை முடிகிறது. மழை தள்ளிப் போனாலும் ஆடிப்பட்டமோ தைப்பட்டமோ தவறாமல் காக்க இது கைகொடுக்கும்.

அதே சமயம் கூலியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டி சுருட்டுவதும் ஓலை முடைவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில்தான் வந்து விழுகின்றன. 'வீட்டு ஆள்தானே' என்று அதைச் செலவில் சேர்க்காமல் விட்டால் கணக்கு பொய்யாகி விடும். தக்காளி, கத்தரி, மிளகாய் போல ஏக்கருக்குப் பல ஆயிரம் நாற்று தேவைப்படும் பயிர்களுக்கு இம்முறை கட்டுப்படியாகாது. அவை வேர் அசைந்தாலும் தேறக் கூடியவை; மேட்டுப்பாத்தியோ குழித்தட்டோ போதும்.

நடும்போது செய்யும் தவறுகள்

'தொட்டியோடு நட்டேன், செடி தேறவில்லை' என்று குறை சொல்லும் விவசாயிகளின் வயலில் தொட்டியைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் காய்ந்த சுவருக்குள் வேர் சுருண்டு கிடப்பதைக் காணலாம். மண்ணில் ஈரம் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் வேலை செய்யும், தொட்டி மக்கும். காய்ந்த செம்மண்ணில் எந்தத் தொட்டியும் மக்காது. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும்.

முதலாவதாக, தொட்டிச் சுவரில் வெண்மையான வேர் நுனிகள் எட்டிப் பார்க்கும்போதே நட்டுவிட வேண்டும். பாகல் வகைகளுக்குச் சுமார் 15 நாட்கள்.

இரண்டாவதாக, நடுவதற்கு முன் தொட்டி முழுதும் ஊறும்படி தண்ணீர் விட வேண்டும். பனையோலை, வாழை மட்டைத் தொட்டிகளின் பக்கங்களில் கத்தியால் இரண்டு மூன்று கீறல் போட்டு, அடியைத் திறந்து விட வேண்டும்.

மூன்றாவதாக, தொட்டியின் விளிம்பு மண்ணுக்கு மேல் தெரியக் கூடாது. வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் விளிம்பு விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அடி ஈரத்தை இழுத்து வெயிலில் ஆவியாக்கி விடும். நீட்டியதைக் கிள்ளி எறிந்து, ஒரு விரல் கனம் மண் மூட வேண்டும்.

நான்காவதாக, தொட்டியைச் சுற்றி வெற்றிடம் இல்லாமல் மண்ணைக் கையால் அணைத்து உயிர்த் தண்ணீர் விட வேண்டும். சொட்டு நீர்ப் பாசனம் உள்ளவர்கள் முதல் பத்து நாட்களுக்குச் சொட்டுவானைத் தொட்டியை ஒட்டியே வைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, காகிதமும் வைக்கோலும் மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக் கொள்ளும். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டிருந்தால் இக்குறை தெரியாது. அதோடு வேப்பம் புண்ணாக்கும் கலந்து வைப்பது கறையான் தொல்லையைக் குறைக்கும்.

ஒரு வரிசை போதும்

எந்தப் புதுமுறையையும் முழு நிலத்தில் ஒரே பட்டத்தில் செய்து பார்ப்பது விவேகம் அல்ல. வரும் பட்டத்தில் ஒரு வரிசை நேரடி விதைப்பு, ஒரு வரிசை பாலித்தீன் பை நாற்று, ஒரு வரிசை மக்கும் தொட்டி நாற்று என்று அடுத்தடுத்து நட்டு, எத்தனை செடி பிழைத்தது, முதல் காய் எந்த நாளில் பறித்தது என்று குறித்து வைத்தால் போதும். மற்றவர் சொல்வதை விடத் தம் நிலம் சொல்வதே விவசாயிக்குச் சரியான பாடம்.

மேலும் விவரம் வேண்டுவோர் செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களையும், திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே தொட்டிகளைத் தயார் செய்து விட்டால், மழை விழுந்த மறுநாளே நாற்றோடு வயலில் இறங்கலாம்.