4 நாள் ஐரோப்பா டிரிப்: எந்த ஊர் மலிவு என்பது இரண்டாவது கேள்வி

போன வாரம் சாயங்காலம் நெம்மேலி கடற்கரையில் எங்க தெருத் தம்பி ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான். சிறுசேரியில் ஐடி வேலை, மூணாவது வருஷம். பிடித்தம் போக மாசம் 58,000 ரூபாய் கைக்கு வருது. போனை நீட்டி, "அக்கா, ஜனவரி 15 பொங்கல், வியாழக்கிழமை. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள் கிடைக்கும். ஐரோப்பாவிலேயே மலிவான பத்து ஊர்னு ஒரு லிஸ்ட் இருக்கு. புடாபெஸ்ட்டா, கிராகோவா? நீங்களே சொல்லுங்க" என்றான்.

காசுக்கு என்னடா பண்ணுவ என்று கேட்டேன். "ஒரு லட்சம் பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா வந்திருக்கு. 24 மாசம்தானே!"

அந்த லிஸ்ட் தப்பில்லை. அது நமக்காக எழுதினது இல்லை, அவ்வளவுதான். லண்டனிலோ பெர்லினிலோ இருக்கிறவருக்கு புடாபெஸ்ட் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேர விமானம். டிக்கெட்டும் சல்லிசாகக் கிடைக்கும். அவருக்கு மொத்தச் செலவே அந்த ஊர் ஓட்டல் வாடகையும் சாப்பாடும்தான். அதனால் எந்த ஊர் மலிவு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சென்னையில் இருந்து கிளம்புற நமக்கு, அந்த ஊரில் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல காசு காலி.

மணலில் உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே தர்றேன். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வச்சுக்குவோம். வளைகுடா வழியாகப் போய்வர டிக்கெட் 60,000. ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ, அதாவது 9,000 (2024 ஜூன் வரைக்கும் இது 80 யூரோவாக இருந்தது). விசா மையத்தின் சேவைக் கட்டணம், கட்டாயப் பயணக் காப்பீடு இரண்டுக்கும் 3,000. இந்தக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்கணும். ஆக 72,000. டிக்கெட் விலை சீசனுக்கு ஏத்த மாதிரி ஏறும், இறங்கும். ஆனால் நீங்க நாலு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் இந்தத் தொகை மாறாது.

இனி ஊர்ச் செலவு. புடாபெஸ்ட்டில் சிக்கனமாக ஒரு நாளைக்கு 5,000, பாரிஸில் 10,000 என்று முழு எண்ணாக வைப்போம். நாலு நாள் புடாபெஸ்ட் என்றால் 92,000. நாள் ஒன்றுக்கு 23,000! நாலு நாள் பாரிஸ் 1,12,000, நாள் ஒன்றுக்கு 28,000. பத்து நாள் புடாபெஸ்ட் பக்கம் இருந்தால் 1,22,000, நாள் ஒன்றுக்கு 12,200தான்.

கவனிச்சீங்களா? நாலு நாளில் பாதி விலை ஊரைத் தேர்ந்தெடுத்தும் மொத்தத்தில் மிச்சம் 20,000 மட்டுமே. பத்து நாளில் அதே தேர்வு 50,000 மிச்சம் பண்ணுது. மலிவான ஊர் வேலை செய்யணும் என்றால் நீங்க அங்கே தங்கணும். அதுவும் அந்த நாலு நாளில் போக வர ஆகாயத்திலும் ஏர்போர்ட் நாற்காலியிலும் போறது போக, முழுசா ஊர் பார்க்க இரண்டு நாள் மிஞ்சினா அதிர்ஷ்டம்.

சரி, லோன்? ஒரு லட்சம், 16 சதவீதம், 24 மாசம். இஎம்ஐ சுமார் 4,900. வட்டி மட்டும் 17,500. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதமும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்தால் கிட்டத்தட்ட 20,000. பாரிஸை விட்டு புடாபெஸ்ட் போறதால மிச்சமாகும் அதே 20,000. தம்பி கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம், "எல்டிஏ கிளைம் பண்ணிடலாமே அக்கா?" என்றான். இதை நிறைய பேர் கேட்கிறீங்க. எல்டிஏ வரிவிலக்கு இந்தியாவுக்குள் போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு. டெல்லியில் இருந்து மதுரைக்குப் போற பயணத்தோட கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூரையும் சேர்த்துச் சுற்றிய ஸ்டேட் பாங்க் ஊழியர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போச்சு. வெளிநாட்டுக் கால் நுழைந்தால் விலக்கு கிடையாது என்று 2022 நவம்பரில் தீர்ப்பு வந்துடுச்சு. இன்னொரு விஷயம்: 2022-2025 எல்டிஏ பிளாக் 2025 டிசம்பரோடு முடிஞ்சுது. பயன்படுத்தாத ஒரு பயணத்தை மட்டும் 2026க்குக் கொண்டுபோகலாம். உள்ளூர் டிரிப் பாக்கி இருந்தா ஹெச்ஆரிடம் பேசிடுங்க.

டூர் கம்பெனி பேக்கேஜில் போறீங்களா? 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம் டிசிஎஸ் பிடிச்சாங்க. ஒன்றரை லட்சம் பேக்கேஜுக்கு அப்போ 7,500. இது செலவு இல்லை, உங்க வரியில் கழியும். ஐடிஆர் வரைக்கும் காத்திருக்கணும் என்றும் இல்லை. ஆபீஸுக்குத் தெரிவிச்சா, சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்ஸில் குறைச்சுக்குவாங்க. நீங்களே டிக்கெட், ஓட்டல் எல்லாம் தனித்தனியா போட்டுக்கிட்டு, அங்கே போய் கிரெடிட் கார்டு தேய்ச்சா டிசிஎஸ் கிடையாது. ஆனால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் மார்க்-அப், அதுக்கு ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம் போகும். மார்க்-அப் இல்லாத கார்டும் கிடைக்குது. கிளம்புறதுக்கு இரண்டு மாசம் முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க.

இதில் நானே ஏமாந்திருக்கேன். பிராகில் ஒரு ஓட்டலில் கார்டு மெஷின் "ரூபாயா, கொருனாவா?" என்று கேட்டது. ரூபாய்னா கணக்கு சுலபம்னு அதை அழுத்தினேன். சிஏ முடிச்சவள்! அவங்களே வச்ச மாற்று விகிதத்தில் 7 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. எப்பவும் அந்த ஊர்க் காசையே அழுத்துங்க. ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்லோட்டி, செக் நாட்டில் கொருனா.

பத்து நாள் என்றால் என் சிபாரிசு புடாபெஸ்ட்டும் கிராகோவும் சேர்த்து. ஒரே ஷெங்கன் விசா, இரண்டு ஊரிலும் கால்நடையாகவே பாதி பார்க்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். அப்பாயின்ட்மென்ட் எங்கே சீக்கிரம் கிடைக்குதுன்னு பார்த்து நாட்டை மாத்தாதீங்க. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். அதுக்கு டிக்கெட் முன்பதிவு காட்டினால் போதும், திருப்பித் தராத டிக்கெட்டை விசாவுக்கு முன்னாடி வாங்க வேண்டாம். முந்தின வாரம் மாமாவிடம் இரண்டு லட்சம் கைமாத்து வாங்கி கணக்கில் போட்டுக் காட்டுறதும் வேண்டாம். ஸ்டேட்மென்ட் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்காங்க.

பொங்கலுக்கு? இதே ஈசிஆரில் நெம்மேலியில் இருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இருக்கு. இன்னும் கீழே போனா பிரெஞ்சுக்காரர்கள் இருந்த புதுச்சேரி. அதுக்கும் கீழே, 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடி. டேன்ஸ்போர்க் கோட்டை மதில் மேல நின்னா எதிரே நம்ம கடல்தான். மூணு நாடு, விசா இல்லை. பஸ் டிக்கெட்டுக்கு எல்டிஏ கேட்டா ஹெச்ஆர் சிரிப்பாங்க, அது வேற விஷயம்.

தம்பி லோன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டான். டிசம்பரில் இருந்து செப்டம்பர் வரை பத்து மாசம், மாசம் 12,200 தனிக் கணக்கில். ஆர்டி வேண்டாம்னு சொன்னேன், நடுவில் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் எடுக்கணுமே. 2026 அக்டோபர், குளிர் ஏறுறதுக்கு முன்னாடி. லீவு கொடுப்பாங்களான்னு மேனேஜரிடம் இந்த வாரமே கேட்கிறானாம்.